விட்டுப்போன பதினாறு நாட்கள்

மார்ச் மாதத்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு பேருக்கு ‘இல்லை’ சொல்வதற்காகப் பட்டுக்கோட்டைத் தபால் நிலையத்தின் மாடிக்குப் போனேன். இது எனக்கு நான்காவது வருடம். அழைப்பு வீடு தேடி வரும். படுத்த படுக்கையாக இருந்தால் ஒழிய மறுக்க முடியாது. அரசு மருத்துவமனையில் தலைமைச் செவிலியாக இருக்கிற எனக்கு வாரத்தில் கிடைப்பதே ஒரு ஞாயிறு. அதையும் பிடுங்கிக்கொள்கிறார்களே என்று முணுமுணுத்தபடிதான் ஒவ்வொரு வருடமும் படி ஏறுவேன்.

மாடியில் நாற்பது மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் பன்னிரண்டு காகிதக் கட்டுகள், பூட்டிய பெட்டியில் ‘இல்லை’ என்று செதுக்கிய ரப்பர் முத்திரை ஒன்று, நீல மைப் பேனா ஒன்று, உரித்து ஒட்டுகிற பச்சை வில்லை ஒன்று. வில்லையில் ‘நில்’ என்று அச்சிட்டிருக்கும். ஒரு ஆளுக்கு ஒன்றுதான். பதினொரு மணிக்குத் தேநீரும் பன்னும் உண்டு.

என் வலப்பக்கத்து மேசை, போன வருடம் போலவே, ஜமாலுதீன் பாய்க்கு. மணிக்கூண்டுப் பக்கம் பேக்கரி வைத்திருக்கிறார். அறுபதை ஒட்டிய வயது, கனத்த உடம்பு. தேநீர் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பன்னைப் பற்றிய குறையை ஆரம்பித்துவிடுவார்.

“இந்த வருசமும் பன்னு வேற கடையிலேருந்துதான் சிஸ்டர். தொட்டுப் பாத்தேன். நேத்தைய சரக்கு” என்றார்.

“பன்னு திங்கவா வந்தீங்க பாய்?”

“இல்ல, இல்லைன்னு சொல்ல வந்தேன். மூணு வருசமா ஒரு நில்லு கூட நான் ஒட்டுனதில்ல. அந்த மெசின் பாத்துத்தானே அனுப்புது. அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது?”

அவர் மெஷின் என்பது தெரிவியை. கல்லூரியில் இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம் படிக்கிற பிள்ளைகளை, கோடை விடுமுறையில் எட்டு வாரம், அரசு அறிவியல் ஆய்வகங்கள் தங்களோடு வைத்து வேலை கற்றுத்தருகின்றன. இடம் சில ஆயிரம், கேட்பவர்கள் பல லட்சம். அத்தனையையும் வாசித்துச் சலிக்கிற கணிமதிக்குத்தான், அதாவது செயற்கை அறிவு இயந்திரத்துக்குத்தான், தெரிவி என்று பெயர். யாருக்கு இடம் என்பதை அது ஒரு பகலில் சொல்லிவிடும். யாருக்கு இல்லை என்பதைச் சொல்வதற்கு மட்டும் அதற்கு உரிமை கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்த சட்டம் அது: ‘ஆம்’ என்று இயந்திரம் சொல்லலாம், ‘இல்லை’ என்று மனிதர்தான் சொல்ல வேண்டும்.

சொல்வதென்றால் வெறுமனே முத்திரை குத்துவது அல்ல. ஒரு விண்ணப்பத்தைக் குறைந்தது பதினைந்து நிமிடம் வாசிக்க வேண்டும். அதுவரை முத்திரைப் பெட்டி திறக்காது. பிறகு அந்தப் பிள்ளைக்கு நம் கையெழுத்தில் நாலு வரி எழுத வேண்டும், ஏன் இல்லை என்று, அடுத்த முறை என்ன செய்யலாம் என்று. மனசு ஒப்பவில்லை என்றால் பச்சை வில்லையை ஒட்டிக் காரணம் எழுதலாம். வில்லை ஒட்டிய பிள்ளையை ஆய்வகம் நேரில் கூப்பிட்டுப் பேசியே ஆக வேண்டும்.

விண்ணப்பம் என்பதும் முன்பு போல இல்லை. ‘சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் ஆர்வம்’ என்று தொடங்குகிற பக்கங்களைக் கணிமதியே எல்லோருக்கும் எழுதிக்கொடுத்து, லட்சம் விண்ணப்பங்களும் ஒரே அச்சில் வந்து விழுந்த காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு கட்டுரை, மதிப்பெண், சிபாரிசுக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். இப்போது கேட்பது ஒரு கைக்குறிப்பேடு மட்டும். ஏதாவது ஒன்றை நூற்றிருபது நாள் நீயே உன் கையால் அள, உன் கையால் எழுது, பார்த்ததைச் சொல். அவ்வளவுதான்.

குறிப்பேடு எங்களிடம் வருவதற்கு முன் முகம்நீக்கி என்ற இன்னொரு இயந்திரம் அதில் கறுப்பு மை பூசும். பெயர், ஊர், சாதி, மதம், ஆணா பெண்ணா என்பது, இந்த ஐந்தைக் காட்டிக்கொடுக்கிற எந்தச் சொல்லும் தப்பாது. தெரிவி இயந்திரத்துக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். பெயரைப் பார்த்ததும் முகம் மாறுகிற பெரிய மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெயரைக் கேட்டதும் ‘ஓ, அங்கேயா’ என்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கறுப்பு மைக்கு அந்த ‘ஓ’ கிடையாது.

நான்காவது விண்ணப்பத்திலேயே என் வில்லையைத் தொலைத்தேன். வீட்டில் யாரோ ஒருவருடைய மூச்சை நூற்றிருபது நாள் எண்ணிய குறிப்பேடு அது. நோயாளி யார் என்பது கறுப்பு மைக்குள் போயிருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ஒரு வரி: இன்று சிரித்தார், இன்று சிரிக்கவில்லை. அளவுகள் சுமார்தான். தெரிவி சொன்னது நியாயம்தான். ஆனால் நாள் முழுக்க மூச்சை எண்ணுகிற பிழைப்பு என்னுடையது. உருகிப்போய், முன்பின் யோசிக்காமல் பச்சை வில்லையை உரித்து ஒட்டிவிட்டேன். பக்கத்தில் பாய் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “இன்னும் எட்டு இருக்கு சிஸ்டர்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

தேநீர் வந்தது, பன் வந்தது, பாய் பன்னைத் தொடவில்லை. ஐந்து, ஆறு என்று ‘இல்லை’ எழுதிக்கொண்டே போனேன். பதினோராவது கட்டைப் பிரித்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

அது ஒரு கிணற்றுக் குறிப்பேடு. கடலோரம் எங்கோ இருக்கிற பழைய கிணறு. நீர் எத்தனை அடியில் நிற்கிறது, எவ்வளவு உப்பு, இரண்டே அளவு, காலை ஐந்தே முக்காலுக்கு. மழை பெய்தால் கிணற்று நீரில் உப்பு குறைய வேண்டும், இந்தக் கிணற்றில் மட்டும் மழைக்குப் பிறகு ஏன் கூடுகிறது என்பது கேள்வி. நிலத்தடி நீர் ஆய்வகத்தில் இடம் கேட்டிருந்தது. எழுத்து சின்னது, சாய்வில்லாதது. தப்பான எண்ணை அழிக்காமல், ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதியிருந்தது. வார்டில் நான் புதுச் செவிலிகளிடம் தொண்டை கிழியக் கத்துவது இதைத்தான்.

முதல் பக்கத்தில் தெரிவியின் சீட்டு: ‘விட்டுப்போன நாட்கள் 16. அனுமதி 6. கூடுதல் நாட்களுக்கு ஏற்கத்தக்க காரணம் இல்லை. தொடர்ச்சி போதாது. பரிந்துரை: இல்லை.’

விட்டுப்போன நாட்களைத் தேடினேன். நவம்பர் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை காலி. டிசம்பர் ஏழு முதல் பத்து வரை காலி. ஜனவரி ஐந்து முதல் எட்டு. பிப்ரவரி இரண்டு முதல் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் என்ற கட்டத்தில் ஒரு கறுப்புப் பட்டை. நான்கு பட்டைகளும் ஒரே நீளம்.

கர்ப்பிணிகள் பிரிவில் பதினோரு வருடம் இருந்தவள் நான். கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது என்று கேட்டு விரல் மடக்குவது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. கேட்காமலே விரல் மடங்கியது. இருபத்தெட்டு. இருபத்தொன்பது. இருபத்தெட்டு.

திரும்ப முன் பக்கங்களுக்குப் போனேன். முகம்நீக்கி கண்ணில் படாமல் தப்பிய ஒரு வரி அங்கே இருந்தது: ‘செருப்பை வெளியே விட்டு வருவதால் வெயிலில் கல் சுடுகிறது, அதனால் காலையிலேயே அளக்கிறேன்.’ செருப்பு யாருடைய மதத்தையும் சொல்லாது என்று அந்த இயந்திரம் நினைத்திருக்கிறது. கோயிலுக்குள் இருக்கிற கிணறு. அளப்பது ஒரு பெண். மாதத்தில் நான்கு நாள் அவள் உள்ளே போக முடியாது.

கடல் மூன்று தெரு உள்ளே வந்துவிட்டது. விண்ணப்பத்தை இயந்திரம் வாசிக்கிறது. இது மட்டும் அப்படியே இருக்கிறது. அவள் காரணத்தை ஒளிக்கவில்லை, நான்கு முறையும் எழுதியிருக்கிறாள். அது ‘பெண்’ என்று காட்டிக்கொடுப்பதால் முகம்நீக்கி நான்கு முறையும் அழித்திருக்கிறது. அழித்த காரணம் தெரிவிக்குக் காரணமே அல்ல. யாருக்கும் பாரபட்சம் கூடாது என்று நல்ல மனசோடு பூசிய மை, போய் விழுந்த இடம் இது.

அந்தக் கட்டங்களை அவள் சுலபமாக நிரப்பியிருக்கலாம். முந்தைய நாள் அளவு தெரியும், ஐந்தாம் நாள் அளவு தெரியும், நடுவில் நாலு எண்ணை இட்டுக்கட்ட எவ்வளவு நேரமாகும்? யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். அவள் நிரப்பவில்லை. திரும்பி வந்த நாளில் மட்டும், விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஆறு முறை அளந்திருக்கிறாள். பக்கத்தில் எழுதியிருக்கிறாள்: ‘விட்ட நாட்களை இதை வைத்து நிரப்ப முடியாது. ஒரு நாளில் எவ்வளவு மாறும் என்று தெரிந்தால், எதை ஊகிக்கக் கூடாது என்றாவது தெரியும்.’

கை தானாகப் பச்சை வில்லையைத் தேடியது. மேசையில் அது இல்லை.

இருந்திருந்தாலும் என்ன எழுதியிருப்பேன்? நாங்கள் எழுதுகிற காரணமும் முகம்நீக்கி வழியாகத்தான் ஆய்வகத்துக்குப் போகும். ‘இது மாதவிலக்கு’ என்று எழுதினால் அந்த வரியே கறுப்பாகும். காரணம் இல்லாத வில்லை செல்லாது. உண்மை தெரிந்திருந்தும் அதைச் சொல்ல வழி இல்லை. நான்காம் எண்ணில் உருகிய என் மேல்தான் முக்கால்வாசி எரிச்சல்.

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. ஒரு விண்ணப்பம் வாசிக்கிறவரைத் தனிப்பட்ட முறையில் தொட்டுவிட்டால், அவர் அதை முடிவு செய்யக் கூடாது. ஒரு வார்த்தையும் சொல்லாமல் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். கைமாற்று என்று பெயர். எழுந்து போய் மேற்பார்வை அலுவலர் லூர்துராஜ் சாரிடம் படிவம் கேட்டேன்.

“தெரிஞ்ச புள்ளையாம்மா?” என்றார்.

“இல்ல சார்.”

“அப்புறம் ஏன்? உங்க வில்லைய ஒட்டியாச்சு, அதுக்காகக் கைமாத்தக் கூடாது. சட்டம் ஒத்துக்காது.”

“அதுக்காக இல்ல சார். நெசமாவே என்னத் தொடுது. நான் முடிவு பண்ணா அது சரியா இருக்காது.”

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, மேற்கொண்டு கேட்கவில்லை. நான் சொன்னது பொய்யும் இல்லை. ‘இது என்னைத் தொடுகிறது’ என்ற வரிக்குக் கீழே பூங்கோதை என்று கையெழுத்துப் போட்டேன். கட்டு வலப்பக்கத்து மேசைக்குப் போனது. மூன்று வருடமாக ஒரு ‘நில்’ கூட ஒட்டாத மனிதரின் மேசைக்கு.

“பதிமூணாவதா?” என்றார் பாய் என்னைப் பார்த்து. “ஒரு மணிக்குக் கேக்கு அடுப்புலேருந்து எடுக்கணும் சிஸ்டர்.”

“மன்னிச்சுக்குங்க பாய். படிங்க.”

“படிக்காம?” என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

என் பன்னிரண்டாவது விண்ணப்பம் ஒரு எறும்புப் புற்று. அந்தப் பிள்ளைக்கு நான் எழுதிய நாலு வரி என்ன என்று இன்று நினைவில் இல்லை, அதற்காக வருந்துகிறேன். என் கண் முழுக்க வலப்பக்கம்தான் இருந்தது. பாய் விரலை வரியின் மேல் வைத்து, கடைக் கணக்கைச் சரிபார்ப்பவர் மாதிரி மெதுவாகப் படித்தார். காலிக் கட்டங்கள் வந்தபோது உதட்டைப் பிதுக்கினார். எனக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். கட்டம் காலியாக விட்டவர்களை அவருக்குப் பிடிக்காது. பதினைந்து நிமிடம் ஆனதும் முத்திரைப் பெட்டி ‘டக்’ என்று திறந்தது. முத்திரையைக் கையில் எடுத்தார்.

எடுத்தவர் அதை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைத் திருப்பினார். பிறகு முன்னால் போய் இன்னொரு பக்கம். முத்திரையைக் கீழே வைத்தார். கேக் கருகினால் கருகட்டும் என்பது போல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். லூர்துராஜ் சார் வந்து நேரமாகிறது என்றார். பாய் தலையை மட்டும் ஆட்டினார்.

மதியம் ஒன்று பத்துக்கு அவர் பச்சை வில்லையை உரித்தார். தடித்த விரல்களில் அது ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடித்தது. எழுந்து போய் உதவலாமா என்றிருந்தது, கூடாது. ஒட்டி முடித்து, கீழே மூன்று வரி எழுதி, கட்டைக் கொடுத்துவிட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கி ஓடினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும், மாடியிலிருந்து இறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் யாருக்கும் எதையும் செய்யவில்லை. ஆனாலும் யாரோ எனக்கு ஏதோ செய்துவிட்ட மாதிரி இருந்தது.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு பிற்பகல், வேலை முடிந்து வரும்போது ரொட்டி வாங்க பாய் கடைக்குப் போனேன். வாசிப்புக் காலம் முடிந்து முடிவுகள் வந்துவிட்டால் வாசகர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தடை இல்லை. கல்லாவில் மகனை உட்காரவைத்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். அடுப்படி ஓரத்தில் ஒரு முக்காலி. கையைத் துண்டில் துடைத்து, சட்டைப்பையிலிருந்து ஒரு அஞ்சலட்டையை எடுத்தார்.

கோடைப் பயிற்சிக்குப் போன பிள்ளைகள், விரும்பினால் தங்களை நிறுத்தி வைத்த வாசகருக்கு ஒரே ஒரு அட்டை எழுதலாம். முகவரி கிடையாது, ‘வாசகருக்கு’ என்று மட்டும் இருக்கும். தபால் துறை சேர்த்துவிடும். பதில் எழுத முடியாது. அதே சின்ன எழுத்து, சாய்வில்லாத எழுத்து.

‘வணக்கம். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. நேர்காணலில் உங்கள் குறிப்பை வாசித்துக் காட்டினார்கள். திரும்பி வந்த நாளில் ஆறு முறை அளந்ததை ஒருவர் கவனிப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. ரொம்ப நன்றி. மழைக்குப் பிறகு உப்பு ஏன் கூடுகிறது என்று பாதி தெரிந்துவிட்டது, மேல் மண்ணில் படிந்ததை மழைதான் உள்ளே இறக்குகிறது. மீதிப் பாதியைத் தேடுகிறோம். இங்கே ஆய்வகத்துக்குச் சொந்தமாக ஒரு கிணறு இருக்கிறது. சாவி என்னிடம். முப்பது நாளும் அளக்கிறேன்.’

கறுப்பு மை ஒரு சொட்டும் இல்லை. அந்த இயந்திரத்துக்கு இதில் அழிக்க ஒன்றும் அகப்படவில்லை. கடைசி வரியை நான் மறுபடி படித்தேன். கண் கலங்கிவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்லலாம் என்றால் பாயின் அடுப்பு மின்சார அடுப்பு.

“அன்னிக்கு என்ன பாய் எழுதுனீங்க?” என்று கேட்டேன்.

“பெரிசா ஒண்ணும் இல்ல. பெருநாளைக்கு மூணு நாள் கடைய மூடிட்டுத் தெறக்குற அன்னிக்கு, நான் அடுப்ப ஆறு தடவ பாப்பேன். மாவப் பத்து தடவ தொடுவேன். மூடுன நாள்ல என்ன மாறுச்சோ தெரியாதுல்ல? மத்த நாள்ல பாக்காதத அன்னிக்குப் பாக்கணும். இந்தப் புள்ளயும் அப்படிப் பாத்திருக்கு. வேலை தெரிஞ்ச புள்ள, லீவு ஏன் போட்டுச்சோ அது எனக்கு வேணாம், திரும்பி வந்த விதம் சரின்னு எழுதுனேன்.”

சொல்லிவிட்டு அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“ஆனா இந்தக் கடைசி வரிதான் எனக்கு வெளங்கல. சாவி இருந்தா முப்பது நாளும் அளக்க வேண்டியதுதான, இத ஏன் தனியாச் சொல்லணும்? வூட்டுக்காரி ஜரினாகிட்டக் காட்டுனேன். குறிப்பேட்டுல நாலு நாலு நாள் காலி இருந்துச்சு, செருப்ப வெளிய வுட்டுட்டுப் போற எடம்னு அதையும் சொன்னேன். அவ ஒரு தடவதான் படிச்சா. பொம்பளப் புள்ளதாங்க இதுன்னா. எப்புடி சொல்றேன்னேன்.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “சொன்னா.”

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“அன்னிக்கு நீங்க அதுக்குத்தான் கைமாத்துனீங்களா சிஸ்டர்?”

“பாதி அதுக்கு.”

“எனக்கு ஒண்ணுமே தெரியாமத்தான் ஒட்டுனேன். நெனச்சா வெக்கமா இருக்கு.”

“தெரியாம எழுதுனதாலதான் பாய் அது நின்னுச்சு. தெரிஞ்சவ நான் எழுதியிருந்தா கறுப்படிச்சிருப்பாங்க. காரணம் கேக்காம வேலையப் பாத்தீங்கல்ல, அதுதான் அந்தப் புள்ளைக்கு வேண்டியிருந்துச்சு.”

அவர் ஒரு சூடான பன்னைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினார். “இன்னொரு பாதி எதுக்கு?” என்றார்.

நாற்பது வருடத்தில் நான் யாரிடமும் சொல்லாததை அந்த அடுப்படியில் சொன்னேன். எட்டாம் வகுப்பில் எங்கள் பள்ளியில் ஆளுக்கொரு மழைமானி கொடுத்தார்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தொண்ணூற்றிரண்டு நாள், தினமும் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத வேண்டும். எங்கள் வீட்டில் மழைமானியை வைக்க இடம் கிடைத்தது துளசி மாடத்துக்குப் பக்கத்தில். அந்த வருடம்தான் நான் பெரியவளானேன். மாதத்தில் நான்கு நாள் மாடத்துப் பக்கம் போகக் கூடாது. கொல்லையில் தகரக் கூரை போட்ட அறையில் உட்கார்ந்திருப்பேன். தம்பியைப் பார்த்து எழுதச் சொல்லியிருக்கலாம், ஏன் என்று கேட்பான். அதனால் தகரத்தில் விழுகிற சத்தத்தைக் கேட்டு, இது எட்டு இருக்கும், இது பதினைந்து இருக்கும் என்று எண்களைப் போட்டேன். மூன்று மாதம், பன்னிரண்டு நாள். ஒரு கட்டமும் காலியில்லாத நோட்டு என்று மாவட்டத்தில் முதல் பரிசு.

“என்ன குடுத்தாங்க?” என்றார் பாய்.

“டிபன் பாக்ஸ்.”

“இருக்கா?”

“இருக்கு. அதுலதான் டூட்டிக்குச் சோறு கொண்டுபோறேன்.”

பாய் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு மீதியையும் சொன்னேன். பழைய பள்ளிக்கூட நோட்டுகளையெல்லாம் மழைப் பதிவுக் காப்பகம் திரட்டிக் கணிமதிக்குள் ஏற்றியிருக்கிறது. இன்றைக்கு இந்தப் பக்கத்து வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்கிற கணக்குகளுக்கு அடியில் அவையும் கிடக்கின்றன. என் பள்ளியின் பக்கத்தை நானே திறந்து பார்த்திருக்கிறேன். நவம்பர் பதினான்கு, எட்டு மில்லிமீட்டர். தகரக் கூரையின் சத்தம். அதனால்தான் வார்டில் எல்லாக் கட்டமும் அழகாக நிரம்பிய அட்டவணையைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம் வரும், திட்டுவேன், புதுச் செவிலிகள் என்னைப் பொல்லாதவள் என்பார்கள். யாரிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

“அந்தப் புள்ள காலியா வுட்டுருச்சு பாய். எடம் போயிரும்னு தெரிஞ்சே வுட்டுருக்கு. எனக்கு அந்தத் தைரியம் இல்ல” என்றேன். “அதுக்கு நன்றி சொல்லணும். சொல்ல வழி இல்ல.”

அவர் அட்டையை என்னிடம் நீட்டினார். “இது ஒங்களுக்கு வந்ததுதான் சிஸ்டர்.”

“நீங்க ஒட்டுன வில்லை, பாய்.”

“வாசகருக்குன்னுதான் போட்டிருக்கு. பேரு போடல.” பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவராகக் கையை இழுத்துக்கொண்டார். “ஆனா சாயந்தரம் ஜரினாகிட்டத் திருப்பிக் குடுக்கணும். மருமகளுக்குக் காட்டணும்னு வச்சிருக்கா. வேணும்னா எழுதி எடுத்துக்கிடுங்க.”

ரொட்டி சுற்றுகிற காகிதத்தில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார். அதில் எழுதி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் கைகால் கழுவி, காப்பகத்தின் திருத்த விண்ணப்பத்தைத் திறந்தேன். யார் வேண்டுமானாலும் போடலாம். பள்ளியின் பெயர், வருடம், நோட்டு எண். பன்னிரண்டு தேதிகளையும் ஒவ்வொன்றாகக் குறித்தேன், எனக்கு அவை மனப்பாடம். ‘சரியான அளவு’ என்ற கட்டத்தில் பன்னிரண்டு தரமும் ஒன்றும் எழுதாமல் விட்டேன். இயந்திரம் பன்னிரண்டு தரமும், இந்தக் கட்டம் காலியாக உள்ளது, தொடரலாமா என்று கேட்டது. தொடரலாம் என்றேன்.

கடைசியில் காரணம் என்ற கட்டம் வந்தது. கொஞ்ச நேரம் அந்தக் காகிதத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்: ‘அப்போது எனக்கு வயது பதின்மூன்று. இந்த நாட்களில் நான் வீட்டுக்குத் தூரம். மழைமானிப் பக்கம் போக விடவில்லை. மழையை அளக்கவில்லை, சத்தத்தைக் கேட்டு எழுதினேன்.’

காப்பகத்திலும் ஒரு முகம்நீக்கி இருக்கும். கறுப்பு அடித்தால் அடித்துக்கொள்ளட்டும். அந்தப் பன்னிரண்டு கட்டங்களும் காலியாகிவிட்டால் எனக்குப் போதும்.